பூட்டிய கதவுக்குள் ஒரு சமாதானம்

2022 நவம்பர் 21, திங்கட்கிழமை. பொதுத்தேர்தல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. யார் பிரதமர் என்று தெரியாமல் எல்லாரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை என் வானொலி நிகழ்ச்சியின் தலைப்புக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை. 'மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் என்ன சமையல்?' இவ்வளவுதான். ரசம், சுட்ட கருவாடு என்று கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

நான்காவதாக ஓர் அம்மா அழைத்தார். சிலியாவ் பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டம். வயது எழுபதுக்கு மேல் இருக்கும் என்று குரல் சொன்னது.

"தங்கச்சி, சமையலப் பத்தி இல்ல. ஒன்னு கேக்கணும். அரிசி வாங்கி வெச்சிக்கிறது நல்லதாமா? பேரன் போன்ல என்னமோ காட்டுனான். மறுபடியும் அந்த மாதிரி வரும்னு சொல்றாங்க."

'அந்த மாதிரி' என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கையை ஆட்டினார். "ஒன்னும் ஆகாதுமா, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பதினோரு வருட அனுபவம் அந்த மூன்று விநாடியில் கைகொடுத்தது.

இரவு பத்து மணிக்குச் செனவாங்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். சமையலறையில் இரண்டு மூட்டை அரிசி இருந்தது. பக்கத்தில் ஒரு டஜன் சார்டின் டின், இரண்டு பாக்கெட் மெழுகுவர்த்தி. அம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "விலை ஏறப்போவுதுன்னு சொன்னாங்க."

விலை காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் டிக்டாக்கில் 1969 மே 13-ஐ நினைவூட்டும் காணொளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. போலீஸ் எச்சரிக்கை விடும் அளவுக்குப் போயிற்று. நவம்பர் 24-ஆம் தேதி பிரதமர் பதவியேற்றார், நாடு வேலைக்குத் திரும்பியது. எங்கள் வீட்டில் அந்த அரிசி தீர மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு முறை படி அளக்கும்போதும் அந்த அம்மாவின் குரல் கேட்கும். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன் என்று நேயர்கள் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவரை அப்புறப்படுத்தினேன்.

தைரியம் சொல்கிற தொழிலில் இருப்பவளுக்கு அந்த வருடம் சொந்தமாகத் தைரியம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்து உட்கார்ந்துகொள்வேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வேலை போய்விடுமோ, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, தோட்டத்தில் மிச்சம் இருப்பதும் போய்விடுமோ என்று எல்லாம் கலந்த பயம். அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டேன் என்று இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஜெபம் போதும், மருந்து விசுவாசக் குறைச்சல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று சொல்லி ஒரு செடியின் கீழ்ப் படுத்துக்கொள்கிறார். அப்போது வரும் தேவதூதர் ஒரு பிரசங்கமும் செய்வதில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து எழுப்புகிறார். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்க விடுகிறார். கடவுளின் மருத்துவமே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது கிறிஸ்துவக் கதை. இந்த இதழைப் படிக்கும் பெரும்பாலோர் கிறிஸ்துவர்கள் அல்ல என்பதும் தெரியும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள். கிறிஸ்துவர்கள் 6 விழுக்காடுதான். தோட்டத்தில் அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ரந்தாவ் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கும் அந்தோணியார் சிற்றாலயத்துக்கும் நடுவில் ஒரு பந்துத் திடல்தான் இருந்தது. கோயிலில் இருந்த பெரிய அண்டா ஜூன் 13-ஆம் தேதி அந்தோணியார் திருநாளுக்கு எங்களிடம் வரும். எங்கள் ஜெனரேட்டர் தீமிதிக்கு அங்கே போகும். தகரக்கூரை, பலகைச் சுவர், உள்ளே மூன்றடி உயரத்தில் குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோணியார். அவ்வளவுதான் எங்கள் மாதா கோயில், பசிலிக்கா எல்லாம்.

தாத்தா வாரத்தில் ஆறு நாள் பால்மரம் சீவினார், ஏழாம் நாள் உபதேசியாராக இருந்தார். மாதம் ஒருமுறைதான் சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் வாசகம் படித்து ஜெபமாலை சொல்லுவார். அவரைவிடப் பாட்டிதான் எனக்குப் பெரிய ஆலயம். பாட்டியின் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். பாம்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவர். திரும்பவில்லை. 1969-க்குப் பிறகு இன்னொரு அடி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. தாத்தாவின் அண்ணன் குடும்பம் பிறந்த பிள்ளைகளோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டது. பாட்டி அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வார்: அவர்கள் விட்டுப்போன கோழிகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாரம் அழுதாராம்.

பயம் எங்கள் குடும்பத்துக்குப் புதிது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் பிளவு புதிது.

அப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. சித்தப்பா இருபது வருடத்துக்கு முன்பே கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். குடியை நிறுத்தியது அந்தச் சபைதான். அதை அப்பாவே ஒப்புக்கொள்வார். சொந்தமாக மூன்று டன் லோரி வாங்கி, சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்து நன்றாக வந்துவிட்டார். சுரூபம் விக்கிரகம், ஜெபமாலை வீண்வார்த்தை என்று அவ்வப்போது சொல்வார். அப்பா எழுந்து வெளியே போய் சிகரெட் பிடிப்பார். அதற்கு மேல் போனதில்லை.

2021-இல் பாட்டி இறந்தார். கோவிட் கட்டுப்பாடு இருந்த நேரம். இத்தனை பேர்தான் வரலாம், இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். துக்கம் தாங்கும் சடங்குகளெல்லாம் பறிபோய், வெறும் துக்கம் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா ஜெபமாலை ஆரம்பித்ததும் சித்தப்பா, "எங்கம்மாவுக்கு இதெல்லாம் வேணாம்" என்று சத்தம் போட்டார். "உனக்கு மட்டும் அம்மாவா?" என்று அப்பா சட்டையைப் பிடித்துவிட்டார். சித்தப்பா வெளியே போய் லோரியில் உட்கார்ந்துகொண்டார். அடக்கம் முடியும்வரை இறங்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தேர்தல் வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மிச்சம் இருந்ததும் உடைந்தது. ஆளுக்கு ஒரு கட்சி, ஆளுக்கு ஒரு காணொளி. இருவரும் சொன்னது ஒரே வேதத்தின் வசனங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொழியை வைத்துப் பிழைப்பவள் என்பதால் கண்ணில் பட்டது. சித்தப்பா கையில் இருப்பது பழைய தமிழ் பைபிள். அதில் 'விசுவாசம்' வேறு, 'நம்பிக்கை' வேறு. விசுவாசம் என்பது கடவுள்மேல் வைப்பது. நம்பிக்கை என்பது வரப்போகும் நன்மைக்குக் காத்திருப்பது. அப்பா கையில் இருப்பது 1995-இல் வந்த திருவிவிலியம். அதில் கடவுள்மேல் வைப்பதே 'நம்பிக்கை'. காத்திருப்பதற்கு 'எதிர்நோக்கு' என்று ஒரு சொல். ஆக, அப்பா நம்பிக்கை என்று சொல்வதைச் சித்தப்பா வேறொன்றாகக் கேட்கிறார். இரண்டு பேரும் இரண்டு வருடமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசியிருக்கிறார்கள்.

'எதிர்நோக்கு' முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. வானொலியில் வாசிக்கக் கரடுமுரடான சொல். பிறகு பழகிப்போனது. 2025-ஐ யூபிலி ஆண்டாக அறிவித்த போப் பிரான்சிஸ் அதற்கு இந்தச் சொல்லைத்தான் மையமாக வைத்தார். தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பதாகை தொங்கியது. அந்த ஆண்டின் நடுவிலேயே, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், ஏப்ரல் 21-ஆம் தேதி அவர் காலமானார். எதிர்நோக்கு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வருவதை நேராகப் பார்ப்பது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதல்ல. சிலியாவ் அம்மாவிடம் நான் சொன்னது இரண்டாவது வகை.

வருவதை நேராகப் பார்த்தவர்கள் எங்கள் மாநிலத்திலேயே இருந்திருக்கிறார்கள். அதைத் தேடித்தான் 2023-இல் ஒரு சனிக்கிழமை பகாவ் போனேன். புக்கிட் பூத்துஸ் ஏறி, கோலப்பிலா தாண்டி, செம்பனைக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டம். பகாவ் என்றால் நம்மவர்களுக்கு கெடிஸ், ஜெராம் பாடாங், ஆயர் ஹீத்தாம் என்று தோட்டங்களும் தமிழ்ப்பள்ளிகளும் நினைவுக்கு வரும். அதே மண்ணில் 1943 கடைசியிலிருந்து 1945 வரை 'பூஜி கிராமம்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது.

ஜப்பான் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவு இல்லை. நகரத்து மக்களைக் குறைத்து, காட்டை வெட்டி விவசாயம் செய்யச் சொல்லி வெளியே அனுப்ப முடிவெடுத்தார்கள். நகர நிர்வாகத்தில் நலத்துறைக்குப் பொறுப்பாக இருந்த மமோரு சினோசாக்கி என்ற அதிகாரி ஏற்பாடு செய்தார். சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ். யுரேஷியர்களுக்கும் சீனக் கத்தோலிக்கர்களுக்கும் பகாவ். கத்தோலிக்க மக்களைத் தலைமையேற்று அழைத்து வந்தவர் மலாக்கா ஆயர் அட்ரியன் டெவால்ஸ், பிரெஞ்சுக்காரர். ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கன்னியாஸ்திரிகள், பியானோ வாசித்த பெண்கள். அவர்கள் கையில் சங்குலைக் கொடுத்தார்கள்.

மண் மோசம். மருந்து இல்லை. மலேரியா கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போனது. குறைந்தது 300 பேர் இறந்தார்கள் என்பார்கள். 1,500 வரை என்றும் ஒரு கணக்கு உண்டு. எண்டாவ் அளவுக்குக்கூட பகாவ் பிழைக்கவில்லை. ஆயரும் மற்றவர்களோடு நிலம் கொத்தினார். ஒருநாள் சங்குல் அவர் காலிலேயே பட்டது. காயத்தில் டெட்டனஸ் ஏறி, 1945 ஜனவரியில் சிரம்பான் மருத்துவமனையில் இறந்துபோனார். போர் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

இந்தக் கதையை ஒரு கிறிஸ்துவ வீரகாவியமாகச் சொல்லிவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயர் நம்பி வந்த வாக்குறுதி பொய்த்தது. அவரை நம்பி வந்தவர்களில் பலர் புதைக்கப்பட்டார்கள். பிழைத்தவர்கள் சிலருக்கு அந்தக் கசப்பு கடைசிவரை போயிருக்காது. இந்தத் திட்டத்தை வெற்றி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று மறக்க முடியவில்லை. தவறாகப் போன இடத்திலும் அவர் தன் மக்களை விட்டுப் போகவில்லை. அவர் இறந்தது அவர்கள் பிடித்த அதே கருவியால்.

பகாவ் ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிம்மாஸிலிருந்து வடக்கே போகும் கிழக்குக்கரைப் பாதை. போர்க்காலத்தில் இந்தப் பாதையின் வடபகுதியில் தண்டவாளங்களைக் கழற்றிச் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். பாட்டியின் அப்பா அங்கே சுமந்த இரும்பு இங்கிருந்து போனதாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அந்த ஆயரும் என் கொள்ளுத்தாத்தாவும் ஒரே பாதையின் இரண்டு முனைகளில் செத்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது. இன்னொருவரைப் பற்றிப் பாட்டியின் வாயில் மட்டும் இருந்தது, அதுவும் இப்போது இல்லை.

அன்று திரும்பும் வழியில் ஒரு வேத பகுதி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இயேசு உயிர்த்த அன்று மாலை. சீடர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இயேசு அவர்கள் நடுவில் வந்து நின்று சமாதானம் சொல்கிறார். இந்த இடத்தை நூறு முறை கேட்டிருப்பேன். அடுத்து வருவதை அன்றுதான் கவனித்தேன். ஒரு வாரம் கழித்து அதே வீடு, அதே ஆட்கள். கதவு மறுபடியும் பூட்டியே இருக்கிறது! சமாதானம் கிடைத்த பிறகும் பூட்டியிருக்கிறார்கள். அதற்காக இயேசு ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பூட்டிய கதவுக்குள்ளேயே மறுபடி வருகிறார், காயத்தைக் காட்டுகிறார். முதல் வாரம் இல்லாமல் போன தோமா இப்போது அங்கே இருக்கிறார். பிற்காலத்தில் மயிலாப்பூர் வரை நடந்து வந்ததாக மரபு சொல்லும் அதே தோமா.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காரும் எனக்கு இது பெரிய ஆறுதல். பயம் போன பிறகுதான் சமாதானம் வரும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே அறையில் இருக்கலாம்போல.

நம் நாட்டில் பூட்டிய கதவுக்குக் குறைச்சலே இல்லை. 2010 ஜனவரியில், 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பற்றிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். சிரம்பானில் ஒரு தேவாலயத்தின் கதவு கருகியது. சூராவ், குருத்துவாரா என்று மற்றவர்களின் வழிபாட்டிடங்களும் தப்பவில்லை. அதே வாரம் முஸ்லிம் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் தேவாலயங்களுக்குக் காவல் இருக்கிறோம் என்று முன்வந்தார்கள். முதல் செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவதை நான் சொன்னால், "அப்படியா?" என்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே நாளில் பூட்டப்பட்டன. அந்த வருடம் ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்ப்பு ஞாயிற்றுத் திருப்பலியைப் பாட்டி என் கைப்பேசியில் பார்த்தார். சமாதானம் பகிரும் நேரம் வந்ததும் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தும் கும்பிட்டார். அவர் இந்து. எதற்கு என்று கேட்காமலே திருப்பிக் கும்பிட்டார்.

'சமாதானம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் கனம் 'அமைதி'க்கு இல்லை என்பது என் கட்சி. திருவிவிலியம் அமைதி என்கிறது. சித்தப்பாவின் பைபிள் சமாதானம் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் சித்தப்பா பக்கம். அமைதி தனியாக இருக்கும்போதும் வரும், காதில் பஞ்சு வைத்தாலும் வரும். சமாதானம் ஆக இரண்டு பேர் வேண்டும், அதற்கு முன்னால் ஒரு சண்டையும் நடந்திருக்க வேண்டும்.

பகாவ் போய்வந்த கதையை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "உன் சித்தப்பனுக்கு அது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "சொல்லு" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

2024 அந்தோணியார் திருநாளுக்கு முன்பே தோட்டத்தில் பேச்சு அடிபட்டது. நிலம் கைமாறிவிட்டது, செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று. நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் நடுவில் இருக்கும் எந்தத் தோட்டத்துக்காரருக்கும் இது புதுக்கதை இல்லை. கடைசியில் கடிதமும் வந்தது. மாரியம்மனுக்கு வேறு இடம் கேட்டுக் கோயில் நிர்வாகம் அலைந்தது. அவர்களுக்குப் பதிவு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். அந்தோணியாருக்கு மிச்சம் இருந்தது நாலு குடும்பம். அதில் மூன்று ஏற்கெனவே தாமானுக்குக் குடிபோய்விட்டது. கோயில் தலைவர்தான் அப்பாவுக்குப் போன் செய்தார்: "அண்ணே, இயந்திரம் வர்றதுக்கு முன்னாடி உங்க சாமிய எடுத்துக்குங்க. இல்லன்னா சொல்லுங்க, நாங்க எங்க கொட்டாய்ல வெச்சிப் பாத்துக்கிறோம்."

எரேமியா தீர்க்கதரிசியின் கதை ஒன்று உண்டு. எதிரிப் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது, நகரம் விழப்போகிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தன் சொந்த ஊரில் பதினேழு வெள்ளிக்காசு கொடுத்து ஒரு நிலம் வாங்குகிறார். பத்திரத்தை எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார். பைத்தியக்காரத்தனம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருப்பார்கள். இந்தக் கதையைத் தாத்தா சொல்லும்போது எனக்குப் புரிந்ததில்லை. நமக்குத்தான் வாங்க நிலமே கிடையாதே! தோட்டம் தோட்டமாகத் துண்டு போட்டு விற்ற காலத்தில் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். எரேமியாவை நினைத்து அவர் செய்யவில்லைதான். ஆனால் தாத்தா அதில் பங்கு போட்ட ரசீதை வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் என்று பார்க்காமல் விட்டேனே என்று இப்போது வருத்தம்.

எங்களிடம் நிலம் இல்லை. செனவாங் வீட்டு முன்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலடி உண்டு. அப்பா அங்கே சிமெண்டுப் பீடம் கட்டினார். அறுபத்தைந்து வயதில் தானே கலவை குழைத்தார். சுரூபத்தைக் கொண்டுவரத்தான் வண்டி இல்லை. எங்கள் காரில் கொள்ளாது. வாடகைக்கு எடுக்கலாம் என்று நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைக் கேட்காமல், அப்பாவையும் கேட்காமல், சித்தப்பாவுக்கு அழைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிற்றாலயத்தின் முன்னால் லோரி நின்றது. சித்தப்பா இறங்கி, திடலைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. "நான் அதத் தொடமாட்டேன். முதல்லியே சொல்லிட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "யாரும் உன்னத் தொடச் சொல்லல" என்றார் அப்பா. மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

நானும் அப்பாவும் கோயில் தலைவரும் அவருடைய மகனும் சேர்ந்து அந்தோணியாரைத் தூக்கினோம். பார்த்ததைவிடக் கனம். சித்தப்பா லோரி மேலே நின்று, எங்கே வைப்பது என்று கையைக் காட்டினார். கட்டாந்தளத்தில் அப்படியே வைத்தால் உடையும் என்று திட்டினார். சீட்டுக்குப் பின்னாலிருந்து தன் பழைய கம்பளியை எடுத்துப் போட்டார். பிறகு கயிறு. சாமான் ஏற்றுகிறவர் கட்டும் கட்டுக்கு ஈடு கிடையாது. குறுக்கே, நெடுக்கே, குழந்தை இயேசுவின் கை இடிக்காதபடி ஓர் அட்டையை மடித்துச் செருகி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். சுரூபத்தின்மேல் அவர் கை படவில்லை. படாமல் எப்படிக் கட்டினார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அம்மா கொண்டுவந்த பசியாறையைக் கோயில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தப்பா லோரிப் படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். "பகாவ் கதை கேட்டேன்" என்றார் சித்தப்பா, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "நல்லாத்தான் சொல்லியிருக்கு உன் பொண்ணு." அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து எங்களோடு உட்காரவும் இல்லை. லோரிக்குப் பக்கத்தில் நின்றபடியே தேநீரைக் குடித்தார்.

பாட்டியின் அடக்கத்தில் நடந்ததைப் பற்றி இருவரும் இன்னும் பேசவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் சித்தப்பா திரும்பச் சேரவில்லை. அன்று நான் அப்பாவைக் காரில் ஏறச் சொன்னேன். அவர் லோரியில் ஏறினார். ரந்தாவிலிருந்து செனவாங் வரை அவர்கள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு கிட்டத் தூரத்துக்குள் மூன்று இடத்தில் சித்தப்பா லோரியை ஓரங்கட்டினார். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பின்னால் வந்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.